ரயிலுக்குத் தாமதமாகாதவர்கள்

கேள்வி: என் கல்லூரித் தோழி எங்கே வரச் சொன்னாலும் முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் வருவாள். கேட்டால், "என் சுபாவமே இப்படித்தான், என்ன பண்றது?" என்கிறாள். நட்புக்காகப் பொறுத்துக்கொண்டே போகலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். சுபாவம் என்பதையும் நம்பாதீர்கள். உங்கள் தோழி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸை எத்தனை முறை தவறவிட்டிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஒரு பிள்ளை நீட் எழுதப் போனால், 2 மணித் தேர்வுக்கு 1.30க்கே கதவைச் சாத்திவிடுவார்கள் என்று காலையிலேயே போய் வாசலில் நிற்கிறோம். ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்றால் குடும்பமே கிளம்பிவிடுகிறது. தோழி காத்திருப்பாள் என்ற தைரியம்தான் முக்கால் மணி நேரத்தைத் தின்கிறது.

நேரத்தைக் குறைத்துக் கணக்குப் போடுவது மனித இயல்பு என்பதை மறுக்கவில்லை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், கனடா மாணவர்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்றார்கள். ஆனது 55 நாள். ஆனால் அது பழக்கமில்லாத வேலை. கே.கே. நகரிலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் போக எவ்வளவு நேரமாகும் என்பது வருஷக்கணக்கில் அங்கேயே இருப்பவருக்குத் தெரியாதா? படுக்கையில் இருக்கும் மாமியாரைக் கவனித்துவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவர் தாமதித்தால் அது வேறு. அவருக்காக எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம். வீட்டில் இருந்துகொண்டே "பாலத்துக்கிட்ட வந்துட்டேன்" என்று போனில் சொல்கிறார்களே, அந்தப் பொய்தான் தாமதத்தைவிட மோசம்.

எனக்கு இன்னும் கோபம் வருவது பொது நிகழ்ச்சிகளில். சிறப்பு விருந்தினர் வரும்வரை பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைக்கிறார்கள். வரவேற்பு 6.30 என்று பத்திரிகையில் அச்சடித்துவிட்டு மேடைக்கு 8 மணிக்கு வருகிறார்கள். நேரத்துக்கு வந்தவருக்குத்தான் தண்டனை. அடுத்த முறை அவரும் 8 மணிக்கே வருவார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

காந்தியடிகளுக்காக மணிக்கணக்கில் காத்திருக்க மக்கள் தயாராக இருந்தார்கள். ஆனாலும் 1948 ஜனவரி 30 அன்று, படேலுடன் பேச்சு நீண்டு, 5 மணிப் பிரார்த்தனைக்குச் சுமார் 10 நிமிடம் தாமதமானதற்கே அவர் வருத்தப்பட்டார். உடன் வந்த பெண்களிடம் அதைச் சொல்லிக்கொண்டேதான் வேகமாக நடந்தார்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், 15 நிமிடம்தான் காத்திருப்பேன் என்று. சொன்னபடி கிளம்பியும்விடுங்கள். சினிமா என்றால் உங்கள் டிக்கெட்டோடு உள்ளே போய் உட்காருங்கள். சண்டை போட வேண்டாம், பேசாமல் இருக்கவும் வேண்டாம். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை அவர் உங்களுக்கு முன்னால் வந்து நிற்க வாய்ப்பிருக்கிறது. அப்படியும் வராவிட்டால், அவரைப் பார்க்க வேண்டிய நாளில் அவர் வீட்டுக்கே போய்விடுங்கள். வெளியே காத்து நிற்க மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.