இலங்கைச் சுற்றுலாவில் குளூட்டன் இல்லாமல் சாப்பிடுவது எப்படி?

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். பரோட்டா மாவு அறுந்துபோகாமல் இழுபடுவது இதனால்தான். சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்பு சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்கும். அங்குள்ள விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் தேய்ந்துவிட்டால், இழைகள் உதிர்ந்த பூந்துவாலை ஈரத்தைச் சரியாக உறிஞ்சாததுபோல, குடல் சத்தைச் சரியாக உறிஞ்சாது.

இலங்கையில் சோறும் தேங்காய்ப்பாலும் மீனும்தானே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. வெள்ளை இடியப்பத்தையும் பிட்டையும் பல கடைகளில் அவித்த கோதுமை மாவில்தான் செய்கிறார்கள், அல்லது அரிசி மாவோடு கலக்கிறார்கள். அப்பத்திலும் கலப்பதுண்டு. கொத்து ரொட்டியைத் தொடவே வேண்டாம். சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. கடையில் "அரிசி மாவா?" என்று கேட்டால் கலப்பு மாவுக்கும் "ஓம்" (ஆமாம்) என்றே பதில் வரலாம், "கோதுமை மா கொஞ்சமாவது கலந்திருக்கா?" என்று கேளுங்கள். சோறு, பருப்பு, மீன் குழம்பு நல்ல தேர்வு. கோதுமை மாவில் செய்யும் ரோல்ஸைப் பொரித்த எண்ணெயிலேயே பொரித்த மீன் வேண்டாம்.

மாவை வறுத்தாலோ அவித்தாலோ குளூட்டன் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது.