மாப்பிள்ளைத் தோழன்

கேள்வி: தூய மின்சாரத்துக்கு மாறவேண்டும் என்று கொள்கை ஆய்வு நிறுவனங்கள் அறிக்கை மேல் அறிக்கையாக வெளியிடுகின்றன. ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதும் இந்தக் காகிதங்களால் எங்காவது ஒரு விளக்காவது எரிந்திருக்கிறதா?
– வாசகர், ஈரோடு

பதில்: எரிந்திருக்கிறது, ஜெர்மனியில். ரைன் நதிக்கரையில் வீல் என்னும் ஊரில் அணுமின் நிலையம் கட்ட வந்தபோது, 1975-ல் திராட்சை விவசாயிகள் அந்த இடத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். ‘இது வராவிட்டால் சில வருடங்களில் விளக்குகள் அணையும்’ என்று மிரட்டினார் மாநில முதல்வர் ஃபில்பிங்கர். கோஷம் போட ஆள் இருந்தது. பதில் கணக்குப் போடத்தான் ஆளில்லை. அதற்காக 1977-ல் ஃபிரைபர்க்கில் பிறந்தது ஓகோ இன்ஸ்டிட்யூட் என்னும் ஆய்வு நிறுவனம். எண்ணெயும் யுரேனியமும் இல்லாமலே நாடு வளரலாம் என்று 1980-ல் ஒரு நூலில் கணக்குக் காட்டியது. (அதில் நிலக்கரிக்குத் தாராளமாக இடமிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அந்த நூலின் தலைப்பில் இருந்த ‘எனர்கீவெண்ட’ (எரிசக்தி மாற்றம்) என்ற சொல்தான் பின்னாளில் அரசுக் கொள்கையின் பெயரே ஆனது.

1993-ல்கூட, சூரியன், நீர், காற்று எல்லாம் சேர்ந்தாலும் மின் தேவையில் 4 சதவீதத்தைத் தாண்டாது என்று மின் நிறுவனங்கள் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தன. 2023-ல் ஜெர்மனியின் மின் நுகர்வில் பாதிக்கு மேல் புதுப்பிக்கத்தக்க மின்சாரம். அந்த மின்சாரத்துக்கு 20 ஆண்டுகளுக்கு நிலையான விலை தந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இல்லையென்றால், 1980-ன் அந்த நூல் சுண்டல் மடிக்கத்தான் உதவியிருக்கும்.

எனவே, ‘பயன் உண்டா’ என்பதல்ல என் கவலை. பயன் கூடிப்போனால் என்ன ஆகும் என்பதுதான். 2012-ல் தொடங்கிய ‘அகோரா எனர்கீவெண்ட’ ஆய்வு மையத்தை நடத்திவந்த பாட்ரிக் கிரைஷன், 2021-ல் பொருளாதார அமைச்சகத்தின் செயலரானார். அரசின் எரிசக்தி முகமைக்குத் தலைவர் தேடிய குழுவில் அவரும் இருந்தார். தேர்வானவர், அவருடைய மாப்பிள்ளைத் தோழன்! கிளறிப் பார்த்தால், கிரைஷனின் உடன்பிறந்தவர்கள் இருவர் அதே ஓகோ இன்ஸ்டிட்யூட்டில். சகோதரியின் கணவர் அதே அமைச்சகத்தில் இன்னொரு செயலர். 2023 மே மாதம் கிரைஷனின் பதவி போயிற்று.

வீடுகளைச் சூடாக்கும் கேஸ் பாய்லரைப் படிப்படியாக ஒழிக்க அவருடைய அமைச்சகம் கொண்டுவந்த சட்டம் விவாதத்தில் இருந்த நேரம் அது. சட்டத்தின் கணக்கு சரியா, தப்பா என்பதைவிட அந்தக் கல்யாணத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு.