சாய்ந்த தடியெழுத்து – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஊர்க் கபடிப் போட்டிக்குச் சுவரொட்டி வடிவமைக்கிறேன். ஆங்கிலத்தில் தடித்துச் சாய்ந்த எழுத்தை வைத்தால் ஒரு பாய்ச்சல் தெரிகிறது. தமிழ்த் தலைப்புக்கு இட்டாலிக் பொத்தானை அழுத்தினால் எழுத்து சரிந்து விழுவதுபோல இருக்கிறது. குறை ஃபாண்டிலா, என்னிடமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் வரையப்படவே இல்லை. முக்தா மலர் என்ற எழுத்துருவில் 7 தடிமன்கள் உண்டு, சாய்வு கிடையாது. பொத்தானை அழுத்தினால் மென்பொருள் நேரெழுத்தின் தலையை வலப்பக்கம் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகர் சிவப்புப் பட்டையில் வெள்ளையாக வைத்துப் புகழ்பெற்ற, ஃப்யூச்சுரா என்ற ஆங்கில எழுத்துருவின் சாய்வைப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் நேர்க்கோடு அதிகம், சாய்வைத் தாங்கும். நம்முடையதில் சுழி அதிகம்.

ஒரு வட்டத்தைச் சாய்த்தால் வலது மேல்புறமும் இடது கீழ்ப்புறமும் தடிக்கும். மற்ற இரு மூலைகளும் மெலியும். ண, ஞ, ஐ மூன்றிலும் ஒவ்வொரு சுழியிலும் இது நடக்கிறது. நீங்கள் பார்த்த சரிவு இதுதான். எழுத்தைப் பாதையாக (path, அதாவது திருத்தக்கூடிய வெளிக்கோடாக) மாற்றி, 10 முதல் 12 பாகை வரை சாய்த்து, பிறகு தடித்த மூலைகளை உட்பக்கமாகச் செதுக்குங்கள். மெலிந்ததற்குச் சதை கொடுங்கள். சுழிக்குள் இருக்கும் வெள்ளை, கோட்டின் தடிமனில் பாதியாவது இருக்கட்டும். பொறுமை கேட்கும் வேலை, ஆனால் எழுத்துக்கு உயிர் வருவது இங்கேதான்.

புள்ளியும் நீள்வட்டமாகிவிடும். அதை அழித்துவிட்டு உருண்டையான புள்ளி வையுங்கள். 12 பாகையில் 10 செ.மீ. உயர எழுத்தின் உச்சி 2 செ.மீ.க்குச் சற்று மேல் வலப்பக்கம் நகரும். புள்ளியும் அதற்கேற்ப நகர வேண்டும். ர-வையும் துணைக்காலையும் (ா) பிரித்துக் காட்டுவது அடியிலுள்ள சிறு சாய்கோடு. எல்லாமே சாயும்போது அது கண்ணில் படாது. அதைச் சற்று நீட்டுங்கள்.

தலைப்பை மேல்நோக்கி ஏறுவரியாகத் திருப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: 10 பாகை இடஞ்சுழியாகத் திருப்பினால் 10 பாகைச் சாய்வு ஏறக்குறைய நேராகிவிடும். இரண்டும் வேண்டுமென்றால் சாய்வை 20க்கு மேல் கொண்டுபோக வேண்டும், அங்கே சுழிகள் மிகவும் சிதையும். ஏற்றம் அல்லது சாய்வு, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பேன்.

வரைந்த சாய்வே வேண்டுமென்றால் நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவில் தடித்த சாய்வு இருக்கிறது. மெல்லிய கோடுகள் கலந்தது. நூல் அட்டைக்கு அழகு, தெருமுனைச் சுவருக்குப் போதாது.

இந்த எழுத்தை அணிப்பெயர், ‘இறுதிப்போட்டி’ போன்ற இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டும் வையுங்கள். தேதி, இடம், நுழைவுக்கட்டணம் நேரெழுத்திலேயே இருக்கட்டும். அச்சுக்கு அனுப்பும்முன் தலைப்பைக் கைபேசித் திரையில் 2 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். சுழிகள் அடைபட்டுத் தெரிந்தால் இன்னும் செதுக்க வேண்டும்.