மூடுபனியில் வேகம் ஏன் குறைவாகத் தோன்றுகிறது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் ஹவிக்கில் வேலை முடித்து மாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேலுக்குத் திரும்பும்போது, என்3 நெடுஞ்சாலையின் டவுன் ஹில் இறக்கத்தில் அடிக்கடி மூடுபனி சூழ்ந்துகொள்கிறது. மெதுவாகத்தான் ஓட்டுகிறேன் என்று தோன்றும். ஸ்பீடோமீட்டரோ 90 காட்டும். இது ஏன்? நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு ஓட்டலாமா?

பதில்: சாலையோரக் காட்சிகள் பின்னோக்கி நகர்வதைக் கொண்டே மூளை வேகத்தைக் கணிக்கிறது, காட்சி மங்கினால் அக்கணிப்பும் பிசகுகிறது. 1998-இல் நேச்சர் இதழில் வெளிவந்த சிமுலேட்டர் ஆய்வில், பனி அடர அடர ஓட்டுநர்கள் தம்மை அறியாமலே வேகத்தைக் கூட்டினார்கள். 2012-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகர ஆய்வாளர்கள் இதில் ஒரு முக்கியமான திருத்தம் செய்தார்கள். இயற்கையான மூடுபனியில் அருகில் இருப்பது தெளிவாகவும் தொலைவில் இருப்பது மங்கலாகவும் தெரிவதால் ஓட்டுநர் தம் வேகத்தை மிகையாக உணர்ந்து குறைத்துக்கொள்கிறார். அருகும் தொலைவும் ஒரே அளவில் மங்கும்போதுதான் வேகம் குறைவாகத் தோன்றுகிறது.

காரின் முன்கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தால் நேர்வது இதுவே. ஆகவே நான் முதலில் சந்தேகிப்பது அந்தக் கண்ணாடியைத்தான்: இறக்கத்துக்கு முன்பே ஏசியை இயக்கி, காற்றைக் கண்ணாடியின்மேல் திருப்பிவிடுங்கள். 120-இல் நெடுநேரம் வந்த கண்ணுக்கு 90 மெதுவாகவே தெரியும் என்பதும் உண்மை. இரண்டு காரணங்களாலும், பனியில் உணர்வை விட்டு ஸ்பீடோமீட்டரையே நம்ப வேண்டும்.

எதிரே 50 மீட்டர்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரச் சாலையில் 60-இல் செல்லும் கார், ஓட்டுநர் சுதாரித்து பிரேக் பிடித்து நிற்பதற்குள், சமதளத்திலேயே ஏறத்தாழ 60 மீட்டர் ஓடிவிடும். இறக்கத்தில் இன்னும் கூடும். அங்கே 40-க்கு மேல் போகாதீர்கள். முன்னால் போகும் லாரியின் பின்விளக்கைத் துணையாகக் கொண்டு அதை ஒட்டியே செல்வது ஆறுதலாக இருக்கலாம், ஆனால் அந்த ஆறுதல் மிக ஆபத்தானது.

நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு ஓட வேண்டாம். நீங்கள் நிற்கிறீர்களா, நகர்கிறீர்களா என்று பின்னால் வருபவர் குழம்புவார், நீங்கள் லேன் மாறுவதும் அவருக்குப் புலப்படாது. தாழ்ஒளி முகவிளக்கும், இருந்தால் பின்பக்கப் பனிவிளக்கும் போதும். பனி விலகியதும் பின்னதை அணைத்துவிடுங்கள்.

வேகமாக வருபவருக்கு வழிவிட சாலையோர மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒதுங்குவது நம் நாட்டு வழக்கம். பனியில் அதைச் செய்யாதீர்கள். பழுதாகி நிற்கும் வண்டியோ நடந்துபோகும் ஒருவரோ அங்கே இருக்கலாம். பார்வை அறவே மறைவதாகத் தெரிந்தால், இறக்கம் தொடங்குமுன் ஹில்டன் வெளிவழியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் காத்திருங்கள்.