வெர்னியரைக் கையில் கொடுத்தால்...

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ. எதைப் படித்துக்கொண்டு போகட்டும்?
– வாசகர், தர்மபுரி

பதில்: மூன்று வருஷப் பாடத்தையும் புரட்ட வேண்டாம். வெர்னியர் காலிப்பரையும் (நகரும் தாடையால் பாகத்தைக் கவ்வி அளக்கும் கருவி) ஒரு பாகத்தையும் கையில் கொடுத்து, "அளந்து சொல்லுங்க" என்று கேட்கத்தான் வாய்ப்பு அதிகம். வாங்கியதும் அளக்கப் போகாதீர்கள். தாடைகளைத் துடைத்து மூடி, முதன்மை அளவுகோலின் பூஜ்யமும் நகரும் வெர்னியர் அளவுகோலின் பூஜ்யமும் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். வெர்னியர் பூஜ்யம் வலப்பக்கம் தள்ளி நின்றால் அந்தப் பிழையைக் கழிக்க வேண்டும். இடப்பக்கம் என்றால் கூட்ட வேண்டும்.

50 பிரிவு வெர்னியரில் மீச்சிற்றளவு (அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ. முதன்மை அளவுகோலில் 24, வெர்னியரில் 17ஆவது கோடு பொருந்தினால் 24 + (17 × 0.02) = 24.34. அதாவது அச்சிட்ட 3-ஐத் தாண்டி இரண்டாவது கோடு. 17-ஐ அப்படியே ஒட்டி 24.17 என்றால் அங்கேயே ஆட்டம் முடிந்தது! வரைபடத்தில் 24.30 ± 0.05 (24.25 முதல் 24.35 வரை ஏற்கலாம்) என்றிருந்தால் இந்தப் பாகம் பாஸ். அதையும் கேட்காமலே சொல்லுங்கள்.

மைக்ரோமீட்டர் (திருகி அளக்கும் கருவி) கொடுத்தால் முனையிலுள்ள சிறு குமிழான ராட்செட்டைப் பிடித்தே திருகுங்கள். உருளையைப் பிடித்து இறுக்கினால் அளவு குறைத்துக் காட்டும்.

சான்றிதழ்களில் அசலும் இரண்டு செட் நகலும் போதும்.