கதையில் வீட்டை ஆளும் பாட்டியை எந்தச் சொல்லால் அழைப்பது? 'குடும்பத் தலைவி' என்று எழுதினால் விண்ணப்பப் படிவம்போல ஒலிக்கிறது.

'குடும்பத் தலைவி' வேண்டாம். குடும்பம் எந்த ஊரைச் சேர்ந்ததோ, அந்த ஊர் உறவுச்சொல்லையே கதைசொல்லியும் பயன்படுத்தட்டும்: 'அப்பத்தா', 'ஆச்சி', 'அம்மாயி'. அதிகாரத்தைக் காட்டத் தனிச்சொல் தேவையில்லை.

நீங்கள் எழுதியது விண்ணப்பப் படிவம்போல ஒலிப்பதற்குக் காரணம், அந்தச் சொல் இப்போது அரசு ஆவணங்களுக்கே போய்விட்டது என்பதுதான். 2023இல் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபின், அந்தச் சொல்லைக் கேட்டாலே அந்த 1000 ரூபாய்தான் நினைவுக்கு வருகிறது. 'மூதாட்டி'யோ இன்னும் மோசம். பஸ் மோதிய செய்தியில் வருபவர் அவர்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நிலத்தை விற்கும் பேச்சு எழுகிறது. மகன்கள் வாயைத் திறக்கவில்லை. 'அப்பத்தா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "தை கழியட்டும்" என்றாள்.' இந்த இடத்தில் 'குடும்பத் தலைவி' என்று மாற்றிப் படித்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

'ஆச்சி'யில் மட்டும் கவனம் தேவை. திருநெல்வேலிப் பக்கம் அது பாட்டி. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் அக்காளும் ஆச்சிதான். மணமான பெண்களையும் மரியாதையாக அப்படியே அழைப்பார்கள். அங்கே அப்பாவின் தாய் அப்பத்தாள், அம்மாவின் தாய் ஆயாள். ஊரைச் சொல்லாமல் 'ஆச்சி' என்று தொடங்கினால் வாசகர் முப்பது வயதுப் பெண்ணைக்கூடக் கற்பனை செய்துகொள்வார்.

உரையாடலில் பேரன் 'அப்பத்தா சொல்லிவிட்டது' என்று அஃறிணையில் பேசினால் திருத்தாதீர்கள். மதுரைப் பக்கம் அது உரிமைப் பேச்சு, அவமரியாதை அல்ல.