‘அம்மாவிடம் சொல்லாதே’ என்றீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. பல ஆண்டுகளாகப் பனிச்சறுக்கில் ஈடுபட்டு வருகிறேன். இந்தக் குளிர்காலத்தில் மனைவி, 14 வயது மகன், 9 வயது மகளுடன் ஒரு வாரம் ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறோம். செலவைப் பற்றிக் கவலை இல்லை. முதல்தர ஓட்டல் வேண்டும். மனைவி பனிச்சறுக்குக்கு வருவதில்லை, அவருக்கு ஸ்பா இருந்தால் போதும். எனக்குக் காலையில் சீராக்கிய தடங்களில் கார்விங் (ஸ்கீயின் விளிம்பில் சாய்ந்து வழுக்காமல் திரும்புவது), அதன்பின் யாரும் தொடாத செங்குத்தான சரிவு, இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். பிரான்ஸின் கூர்ஷெவல், சுவிட்சர்லாந்தின் வெர்பியே, ஆஸ்திரியாவின் சாங்க்ட் அன்டோன் ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? மலை வழிகாட்டி தேவையா என்பதை அங்கே போய் முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன். டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் மனைவிதான் பார்க்கிறார். வீணாகப் பயப்படுவார் என்பதால் கார்விங் மட்டும்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். மகனுக்கு மட்டும் விஷயம் தெரியும்; அம்மாவிடம் சொல்லாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பதில்: ஊர் கிடக்கட்டும். போகிற போக்கில் ஒரு வரி எழுதி முடித்துவிட்டீர்களே, அந்தக் கடைசி வரி, அங்கிருந்து தொடங்குகிறேன்.

குளிர்காலம் நெருங்கினால் இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கும். ஓட்டல் மாறும், மலை மாறும். “வீட்டில் சொல்லவில்லை” என்பது மட்டும் மாறாது. மனைவியிடம் மறைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. மறைப்பதற்குப் பெற்ற பிள்ளையைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டதுதான் உங்களுடைய சாதனை.

நீங்கள் அந்தப் பையனிடம் எதை ஒப்படைத்திருக்கிறீர்கள் என்று யோசித்தீர்களா? மாலை நாலரை மணி. லிஃப்டுகள் நின்றுவிட்டன. வெளிச்சம் மங்குகிறது. பூட்ஸைக் கழற்றி உலர வைக்கும் அறையில் எல்லோருடைய பூட்ஸும் வந்துவிட்டது, உங்களுடையது இல்லை. “அப்பா எங்கேடா?” என்று தாய் கேட்கிறார். நீங்கள் எந்தப் பக்கம் இறங்கினீர்கள் என்று அந்த ஓட்டலில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவன் உடனே சொல்வான் என்று நினைக்கிறீர்களா? சொல்ல மாட்டான். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பான். இதோ வந்துவிடுவார், இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். நல்ல பிள்ளை என்பதால்தான் அப்படிச் செய்வான். கால் முறிந்து ஏதோ ஒரு பள்ளத்தில் நீங்கள் குளிரில் கிடக்கும் நேரத்தை அவனுடைய விசுவாசம் நீட்டித்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், முன்பே சொல்லியிருக்கலாமே என்ற எண்ணத்தை அவன் எத்தனை வயது வரை சுமப்பான்? 14 வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கிற சுமையா இது? இதைச் செய்த கையோடு எனக்கு ஓட்டல் விசாரித்துக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

மனைவி வீணாகப் பயப்படுவார் என்கிறீர்கள். வீணாகவா? தடத்துக்கு வெளியே நீங்கள் தேடிப் போகிற சரிவு 30 டிகிரிக்கு மேல் சாய்ந்தது. பனிச்சரிவு, அதாவது மலைமேல் படிந்த பனி பிளந்து சரிந்து வருவது, கிளம்புவதும் பெரும்பாலும் அதே சாய்வில்தான். பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதைக் கிளப்பிவிட்டவர் அவரேதான், அல்லது கூட வந்தவர். ஐரோப்பாவில் அபாயத்தை 1 முதல் 5 வரை அளவிட்டு அறிவிக்கிறார்கள். ‘3’ என்று பார்த்ததும் நடுத்தரம்தானே என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம். உயிரிழப்புகளில் பெரும் பங்கும் அந்த 3-ஆம் நிலையில்தான் நேர்கிறது. பனிக்கடியில் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரை மணி நேரம் கடந்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஆகவே உங்கள் மனைவி பயப்பட்டால் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்றுதான் பொருள்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கவனிக்கவே இல்லை. இந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டுமானால், மலையில் உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒவ்வொன்றையும் நீங்கள் கைவிட வேண்டியிருக்கும்.

வழிகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் முடிவு செய்வேன் என்கிறீர்கள். சர்வதேசச் சான்று பெற்ற வழிகாட்டி காலை எட்டு மணிக்குக் கயிறும் மண்வாரியுமாக ஓட்டல் வரவேற்பறையில் வந்து நிற்பார். உங்கள் மனைவி காபி குடித்துக்கொண்டே அவரைப் பார்ப்பார். எனவே நீங்கள் வழிகாட்டியை அழைக்கப் போவதில்லை. அது இப்போதே முடிவாகிவிட்டது. பனிச்சரிவுப் பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் ஆய்வுக்கோல், மடக்கு மண்வாரி ஆகிய மூன்றும் இல்லாமல் தடத்தை விட்டு விலகக் கூடாது என்பது பாலபாடம். உங்கள் பீக்கன் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். கூட வருபவர் தன்னுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றி உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அதாவது பழகிய இன்னொரு கை வேண்டும். யாருடன் போவேன் என்று கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. தனியாகப் போகிறவரின் பீக்கன் பிறகு உடலைத் தேடி எடுக்கத்தான் உதவும்.

ஸ்கீகூட உங்களைக் காட்டிக்கொடுக்கும். கார்விங்குக்கு நடுப்பகுதி ஒடுங்கிய ஸ்கீ, சுமார் 65 முதல் 75 மில்லிமீட்டர். ஆழ்ந்த பனிக்கு 95-க்கு மேல் அகலமானது. இரண்டையும் ஒரே ஜோடியில் சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அங்கேயே வாடகைக்கு எடுங்கள். ஆனால் அகலமான அந்த ஜோடியை எங்கே ஒளித்து வைப்பீர்கள்?

அடுத்தது இன்சூரன்ஸ். நீங்கள் சொன்னதை நம்பித்தானே அவர் படிவத்தை நிரப்புகிறார்? தடத்துக்கு வெளியே நேரும் விபத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. சில பாலிசிகள் வழிகாட்டி உடன் இருந்தால் மட்டும் ஏற்கும். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் மலையிலிருந்து உங்களை ஹெலிகாப்டரில் தூக்கி வந்தால் அதற்குப் பில் வரும். மருத்துவமனையில் நீங்கள் படுத்திருக்க, அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு “கார்விங் என்றுதானே சொன்னார்” என்று அந்நிய நாட்டில் ஒரு பெண் நிற்க வேண்டுமா?

குடும்பஸ்தன் மலை ஏறக் கூடாது, அபாயத்தின் பக்கமே போகக் கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் ஒன்றில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் அதோடு வாழப் போகிறவர் யாரோ, அவரைக் கேட்காமல் அந்த அபாயத்தை எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. வீட்டுக் கடனுக்கு அவர் கையெழுத்து வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அவர் வேண்டும், உங்கள் உயிர் விஷயத்தில் மட்டும் அவர் ஸ்பாவில் உட்கார்ந்திருக்க வேண்டுமோ? கேட்டால் மறுத்துவிடுவார் என்ற பயம் உங்களுக்குத்தான். அந்தப் பயத்தைத் தூக்கி அவர் பெயரில் எழுதியிருக்கிறீர்கள்.

எனவே அறை பதிவு செய்வதற்கு முன் அவரிடம் சொல்லுங்கள். தனியாக வேண்டாம், மகனை அருகில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். வாக்கிலிருந்து அவனை விடுவிக்க வேண்டியவர் நீங்கள்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டால் உங்கள் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

அவர் சரி என்றால், இதோ ஊர்.

கூர்ஷெவல் சொகுசுக்குப் பெயர் போனது. பிரான்ஸ் தன் மிகச் சிறந்த ஓட்டல்களுக்குத் தரும் ‘பேலஸ்’ தகுதி பெற்றவை அங்கே உண்டு. கூர்ஷெவல் அடங்கிய ‘மூன்று பள்ளத்தாக்குகள்’ பகுதி முழுவதையும் சேர்த்தால் 600 கிலோமீட்டர் தடங்கள். கார்விங்குக்கு மிக அருமை. சோலிர் சிகரத்தின் குறுகிய செங்குத்துப் பிளவுகளைத் தவிர, ‘எக்ஸ்ட்ரீம்’ என்று தேடிப் போகிறவர்கள் முதலில் நினைக்கிற இடம் அது அல்ல. வெர்பியே அதற்கு நேர்மாறு. 1996 முதல் அங்குள்ள பெக் தே ரோஸ் மலையின் செங்குத்து முகப்பில் நடக்கும் எக்ஸ்ட்ரீம் பனிச்சறுக்குப் போட்டியைப் பார்த்துவிட்டு அந்த ஊரின் மேல் ஆசைப்படுகிறவர்கள் பலர். அதில் இறங்குகிறவர்களுக்கு அதுதான் தொழில்; உங்களுக்கு வேறு தொழில் இருக்கிறது. ஒன்பது வயது மகளோடு ஒரு வாரம் தங்க அந்த ஊரை நான் சொல்ல மாட்டேன்.

சாங்க்ட் அன்டோன் நல்ல மலைதான். ஆனால் கூட்டம் அதிகம். மதியத்துக்குள் தடங்களில் பனி மேடு மேடாகக் குவிந்துவிடும், கார்விங் செய்ய முடியாது. நீங்கள் தங்க வேண்டியது அதே ஆர்ல்பெர்க் பகுதியில் உள்ள லெஹ். அமைதியான கிராமம், உயர்தர ஓட்டல்கள், மகளுக்கு ஏற்ற இளஞ்சரிவுகள், சறுக்காதவர்களுக்கு நடைபாதைகள். 2016-இல் ஃப்ளெக்சன் கேபிள் கார் வந்த பிறகு லெஹ், பக்கத்து ஊரான ட்ஸ்யூர்ஸ், சாங்க்ட் அன்டோன் மூன்றும் லிஃப்டுகளால் இணைந்து, ஒரே டிக்கெட்டில் சுமார் 300 கிலோமீட்டர் தடங்கள் கிடைக்கின்றன.

காலையில் லிஃப்ட் திறந்ததும் போய்விடுங்கள். இரவெல்லாம் இயந்திரங்கள் வாரிவிட்ட பனியில் மெல்லிய வரிகள் கலையாமல் இருக்கும். முழங்காலை மடக்கி விளிம்பில் சாய்ந்து திரும்பினால், பின்னால் இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் விழ வேண்டும். பனி பக்கவாட்டில் தூளாகச் சிதறினால் நீங்கள் வழுக்குகிறீர்கள், கார்விங் செய்யவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு போய் இதை அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். அப்பாவோடு பகிர்ந்துகொள்ள ரகசியத்தை விட நல்ல விஷயங்கள் இருக்கின்றன என்று அவனுக்கும் தெரியட்டும்.

செங்குத்துச் சரிவுக்கு வாரத்தில் ஒரு நாள், கூடிப்போனால் இரண்டு, வழிகாட்டியோடு. 2,811 மீட்டர் உயரமுள்ள வல்லுகா சிகரத்துக்குப் போகும் கடைசிச் சிறு கேபினில் ஸ்கீயோடு ஏற வேண்டுமானால் மலை வழிகாட்டி உடன் இருந்தாக வேண்டும். யாரோடு வந்தாய் என்று அந்த மலையே கேட்கிறது! வடக்குச் சரிவில் இறங்கினால் ட்ஸ்யூர்ஸ் வந்து சேரலாம், அங்கிருந்து லெஹ் பக்கம்தான். சாங்க்ட் அன்டோன் டிரோல் மாகாணம், லெஹ்ஹும் ட்ஸ்யூர்ஸும் ஃபோரார்ல்பெர்க் மாகாணம். பனிச்சரிவு எச்சரிக்கை தருவோர் தனித்தனி. இரண்டையும் முந்தின மாலையே படித்து, நாளை எங்கே இறங்குகிறேன், எத்தனை மணிக்குள் திரும்புவேன், வழிகாட்டியின் எண் என்ன என்று ஒரு தாளில் எழுதி மனைவியின் கையில் கொடுங்கள். மகனிடம் அல்ல, மனைவியிடம்.

அவர் வேண்டாம் என்றால்? வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பேரம் பேசாதீர்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். இத்தாலியில் டோலோமிட்டி மலைகளின் அல்டா பதியாவுக்குப் போங்கள். ஒரே டிக்கெட்டில் டோலோமிட்டி பகுதி முழுவதும் 1,200 கிலோமீட்டர் தடங்கள். உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும் கிரான் ரிசா தடம் அதிகாலை உறைபனியில் உங்கள் தொடையையும் ஆணவத்தையும் ஒருசேரச் சோதிக்கும். இத்தாலியில் தடங்களில் இறங்குகிறவர்கள் அடுத்தவருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கான இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 முதல் கட்டாயம். மனைவி அந்தப் படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்பதற்கெல்லாம் உண்மையைச் சொல்லுங்கள்.